ஹாஜி வீட்டுத் தூண்

புருணையில் வேலை பார்த்த நாட்களில், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கம்போங் ஆயருக்குத்தான், ஆற்றுத் தண்ணீர்மேல் தூண் நட்டு வீடு கட்டியிருக்கும் ஊருக்குத்தான், கூட்டிப்போவேன். தலைநகர் பந்தர் செரி பெகாவான் கரையில் நின்று கையைக் காட்டினால் போதும், படகு சீறிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு டாலர். அக்கரை போய்ச் சேர்வதற்குள் சட்டை பாதி நனைந்திருக்கும்.

வந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "ஐயோ பாவம், இன்னுமா தண்ணிமேல குடியிருக்காங்க?" இல்லாவிட்டால், "சிமெண்ட் தூணைப் போட்டு அழகைக் கெடுத்துட்டாங்களே!" எனக்கு இரண்டாவதைக் கேட்டால்தான் எரிச்சல் அதிகம்.

1521-இல் மெகல்லனின் கப்பல்களில் வந்த இத்தாலியப் பயணி பிகாஃபெட்டா, உப்புத் தண்ணீரில் உயரமான தூண்கள்மேல் நிற்கும் மர வீடுகளைப் பற்றி எழுதிவைத்தார். 25,000 அடுப்புகளாம், அதாவது அத்தனை குடும்பங்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்ததும் பெண்கள் படகில் சாமான் விற்கக் கிளம்புவதையும் குறித்திருக்கிறார். பாடியான் என்று இவர்களுக்குப் பெயர். அந்தப் படகுகளெல்லாம் இப்போது பழைய படங்களில்தான்.

அவர் பார்த்த தூண் ஒன்றுகூட இன்று இருக்காது. நிபோங் பனையை நட்டார்கள், உளுத்தால் பிடுங்கிவிட்டு வேறு நட்டார்கள். இரும்பு மாதிரி உறுதியான பெலியான் மரம் கிடைத்தபோது அதைப் போட்டார்கள். இப்போது கான்கிரீட். தீப்பிடித்தால் பலகை வீடுகள் வரிசையாகப் போய்விடும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம், மசூதி, பெட்ரோல் பங்க், தீயணைப்பு நிலையம் எல்லாம் தண்ணீர்மேலேயே உண்டு. தூணை மாற்றி மாற்றித்தான் இந்த ஊர் இத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்ல நாம் யார்?

கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. முன்பு வீட்டுக்கடியில் விழுந்த இலையையும் மீன் முள்ளையும் வற்றம் இழுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பாட்டில் போகிறது, அடுத்த ஏற்றத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அப்புறம், ஆட்கள். 1906-இல் சுல்தானுக்கு ஆலோசகராக வந்த பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடென்ட் காலத்திலிருந்தே கரைக்கு வாருங்கள் என்ற அழைப்பு ஓயவில்லை. இளையவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ஒருமுறை டீ குடிக்கக் கூப்பிட்ட ஒரு ஹாஜி, தரைப்பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்க்கச் சொன்னார். ஒரே வீட்டுக்கு மூன்று விதத் தூண்கள். ஓரத்தில் இருந்தது அவருடைய அப்பா நட்ட மரத்தூண். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் அரித்து, உடுக்கை மாதிரி இடை சிறுத்திருந்தது.

"இதை எப்போ மாத்துவீங்க, ஹாஜி?"

"மகன் வரட்டும்."

மகன் எங்கே என்று கேட்டேன். கரையை நோக்கிக் கையை நீட்டினார். கார்கள் வரிசையாக நின்றிருந்தன.

"வெள்ளிக்கிழமை வருவான்" என்று சொல்லிவிட்டு, டீயை என் பக்கம் நகர்த்தினார்.