டாலரன்ஸ் கோடு வேற, கன்ட்ரோல் லிமிட் வேற

ஒரு அண்ணன் எழுதியிருக்காரு, 15, 20 பீஸ் ஜாப்புக்கெல்லாம் கன்ட்ரோல் சார்ட் (அளவுகளை வரிசையா புள்ளியா வெச்சு ப்ராசஸ் நகருதான்னு பாக்குற வரைபடம்) வேலைக்கு ஆகாது, 25 சப்குரூப் (ஒரு தடவைக்கு சேர்த்து அளக்குற சில பீஸ்) சேர்ற வரைக்கும் டிராயிங் டாலரன்ஸையே (டிராயிங்ல அனுமதிச்ச அளவு வித்தியாசம்) கோடா போட்டா போதும்னு. தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. டாலரன்ஸ் கஸ்டமர் கேக்கிறது, கன்ட்ரோல் லிமிட் ப்ராசஸோட சொந்த ஏற்ற இறக்கத்துலேருந்து வர்றது.

அந்த 25 சப்குரூப்பும் ஒரே பார்ட்லேருந்து வரணும்னு அவசியமே இல்ல, நாம கண்காணிக்கிறது பார்ட்டை இல்ல, ப்ராசஸை. இங்க டர்பன்ல பைன்டவுன் பக்கம் சின்ன மெஷின் ஷாப்புல ஒரே லேத்துல காலையில 20 மிமீ புஷ் (நடுவுல துளை உள்ள உருளை பார்ட்), மத்தியானம் 32 மிமீன்னு ஓடும், அப்போ 20.03 வந்தா +0.03, 31.98 வந்தா -0.02ன்னு நாமினல்லேருந்து (டிராயிங்ல கேட்ட அளவு) உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரே சார்ட்ல வரிசையா போடுங்க, ஜாப் மாறினாலும் டூல் தேயுறது கண்ணுக்குத் தெரியும். ஆனா பார்ட்டுங்களோட சிதறல் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும், இல்லன்னா அந்தந்த பார்ட்டோட சிக்மாவால (சிதறலோட அளவு, திட்ட விலக்கம்) வகுத்துட்டுத்தான் போடணும், இதைத்தான் நிறைய பேரு விட்டுடுறாங்க.

இன்னொண்ணு, ப்ராசஸோட சராசரி ஒரு சிக்மா நகர்ந்தா, தனித்தனி பீஸா போடுற 3 சிக்மா சார்ட் (சராசரிலேருந்து ரெண்டு பக்கமும் 3 சிக்மா தள்ளி லிமிட் போட்டது) சராசரியா 44 பீஸுக்கு அப்புறம்தான் சிக்னல் கொடுக்கும், 20 பீஸ் லாட் அதுக்குள்ள வண்டி ஏறிடும். 1954ல பேஜ்ங்கிற புள்ளியியல் நிபுணர் கொண்டு வந்த க்யூசம் சார்ட் (விலகல்களைக் கூட்டிக்கிட்டே போறது; அதோட செட்டிங் கே 0.5, ஹெச் 5 வெச்சா) 10 பீஸ் வாக்குல பிடிச்சிடும், பொய் அலாரமும் அதிகமாகாது. பழைய டேட்டாவே இல்லாத வேலைக்கு 1991ல க்யூசென்பெரிங்கிற புள்ளியியல் நிபுணர் சொன்ன க்யூ சார்ட் (வர்ற பீஸை வெச்சே சராசரியையும் சிக்மாவையும் கணக்கு போட்டுக்கிட்டே போறது) இருக்கு, மூணாவது பீஸ்லேருந்தே புள்ளி வைக்கலாம், ஆனா நகர்வு ஆரம்பத்துலயே வந்துட்டா அதுவும் கோட்டை விட்டுடும், அதனால செட்டப் பீஸை ஒழுங்கா அளந்துட்டு ஆரம்பிங்க.