கணவாய்க்கு எத்தனை கை?

போன ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் கடம்பா வாங்கினேன், கணவாயில் ஒரு வகை. வெட்டிக் கொடுக்கும் அக்கா தலையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். குடலும் மைப்பையும் கூடவே வந்தன. "தலை வேணுமா தம்பி, போட்றவா?" வேணும்க்கா என்று வாங்கி வந்தேன். என்னைக் கேட்டால் கடம்பாவில் ருசியே தலைதான்.

வீட்டில் கழுவும்போது எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பத்து. எட்டு குட்டை, இரண்டு மட்டும் நல்ல நீளம். குட்டைக் கைகளில் அடியிலிருந்து நுனிவரை உறிஞ்சிகள். நீளமான இரண்டும் வெறும் கயிறு மாதிரி வழுவழுவென்று போய், நுனியில் கரண்டிபோல் அகலமாகின்றன. உறிஞ்சிகள் அங்கே மட்டும்தான். விரலால் தடவினால் சொரசொரக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பொடிப்பல் வளையம்.

இந்த இரண்டுக்குத்தான் டென்டக்கிள் என்று பெயர். மற்ற எட்டும் கை. இதில் விலங்கியல்காரர்கள் கறார். அப்படிப் பார்த்தால் ஆக்டோபஸ் என்று நாம் சொல்லும் பேய்க்கணவாய்க்கு டென்டக்கிளே கிடையாது, எட்டும் கைதான்.

டென்டக்கிள் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. தொட்டுப் பார்ப்பது, தடவிப் பார்ப்பது, முயன்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே வினைச்சொல். அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் விலங்குகளுக்காக உருவாக்கிய பெயர் இது. ஆபீசில் "டென்டேட்டிவ் டேட்தான் சார்" என்கிறோமே, அதுவும் இதன் பங்காளிதான். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற தேதி.

நத்தைக்கு இந்தப் பெயர் கச்சிதம். அதற்கு நான்கு கொம்பு. மேல் ஜோடியின் நுனியில் கண், கீழ் ஜோடி தரையை மோந்து தடவிக்கொண்டே போகும். கணவாயின் நீளக் கைகளுக்குத் தடவவெல்லாம் பொறுமை இல்லை. இறால் கிட்டே வந்தால் இமை மூடித் திறப்பதற்குள் பாய்ந்து பிடித்து இழுத்துவிடும். ஜெர்மன்காரர்கள் இதைப் 'பிடிகை' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நாமோ லத்தீனைப் பார்த்து 'உணர்கொம்பு', 'உணர்நீட்சி' என்று நத்தைக்கும் கணவாய்க்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டுவிட்டோம். உணர்கிற வேலையா அது செய்கிறது? எனக்கு இதில்தான் வருத்தம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் கணவாயின் இந்த இரண்டு நீளக் கைகளையும் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். இரையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும், புயலடித்தால் பாறையில் வீசி நங்கூரம்போல் பிடித்துக்கொள்ளும் என்று எழுதினார். அவர் வைத்த பெயர் 'புரோபோஸ்கிஸ்'. ஊட்டுவது என்ற பொருளில் பிறந்த சொல். கிரேக்கர்கள் யானையின் தும்பிக்கைக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்!

அது சும்மா ஒப்புமை இல்லை. தும்பிக்கை, கணவாயின் கை, நம் நாக்கு மூன்றிலும் எலும்பு கிடையாது. உள்ளே முழுக்கத் தசைதான், அதன் கன அளவு மாறாது. குறுக்குத் தசை இறுகினால் நீளும், நீளத் தசை இறுகினால் குட்டையாகும். சப்பாத்தி மாவை உருட்டி நடுவில் பிடித்து அழுத்தினால் இரண்டு பக்கமும் நீளுமே, அதே கணக்கு. இப்படிப்பட்ட உறுப்புகளுக்கு ஒரு பொதுப்பெயர் கிடைக்க 1985 வரை ஆனது.

நம் ஆட்கள் யானை விஷயத்தில் சரியாகவே யோசித்திருக்கிறார்கள். தும்பிக்கை, துதிக்கை, இரண்டிலும் கை இருக்கிறது. பழைய பாடல்களில் கைம்மா என்றாலே யானைதான், கையுடைய விலங்கு. யானைக்குக் கொடுத்த கையைக் கணவாய்க்குக் கொடுக்க ஏன் கஞ்சத்தனம்? வீச்சுவலை என்று கடற்கரையில் ஒரு சொல் இருக்கிறது. அந்த இரண்டையும் நான் இனிமேல் 'வீச்சுக்கை' என்றே சொல்லப்போகிறேன். அகராதிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தத் தலையை மிளகு போட்டு வறுத்தேன். வீச்சுக்கை இரண்டையும் பையன் தனியாகப் பொறுக்கி எடுத்துத் தின்றுவிட்டான்.