பேஸ்மேக்கர் வைக்கிற அன்னிக்கு வர்ற ரெப், ஆறாவது வருஷமும் வருவாரா?

இதயத் துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சுக்குள் பொருத்துகிற கருவி பேஸ்மேக்கர். அதை விற்கிற கம்பெனி ரெப் என்றாலே "டாக்டருக்குக் கமிஷன் கொடுக்கிற கூட்டம்" என்று பாதிப் பேர் முடித்துவிடுகிறார்கள். ராமநாதபுரத்தில் சர்ஜிக்கல் கடை வைத்திருப்பதால் இந்தப் பசங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. கமிஷன் பேச்சே பொய் என்று சொல்ல வரவில்லை. பரிசு, உல்லாசப் பயணம் எதுவும் டாக்டர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2024-ல் மருத்துவக் கருவிகளுக்கென்றே மத்திய அரசு தனி நெறிமுறை போட்டது. சும்மாவா போட்டார்கள்? ஆனால் நம்ம கடற்கரைக்காரர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் அதோடு கம்பெனிக்கும் நமக்கும் உறவு முடிந்தது. அதுக்கு 2017-லேயே விலை வரம்பும் வந்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய் என்று கட்டினார்கள். பேஸ்மேக்கருக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, உறவும் லேசில் முடியாது. எட்டு, பத்து வருஷம் பேட்டரி ஓடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செக் பண்ண வேண்டும். செக் பண்ண புரோகிராமர் என்கிற மெஷின் வேண்டும். இதில்தான் சிக்கல்: மெட்ரானிக் கம்பெனி புரோகிராமர் அபாட் கம்பெனி பேஸ்மேக்கரோடு பேசாது, பயோட்ரானிக்கோடும் பேசாது. அவரவர் பூட்டுக்கு அவரவர் சாவி. அந்தச் சாவி பெரும்பாலும் மதுரையில் ஒரு ரெப்பின் பைக்குள் கிடக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர்.

போன வருஷம் இங்கே ஒரு நர்சிங் ஹோமில் செக்கப் நடந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கீழக்கரைப் பெரியவர், காலர் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்குத் தோல் மேடு. ரெப் அதன்மேல் மெஷினின் தலையை வைத்துவிட்டு, "காக்கா, கிறுகிறுன்னு வந்தா உடனே சொல்லுங்க" என்றார். பேஸ்மேக்கர் இதயத்துக்குக் கொடுக்கிற வோல்டேஜை 2, 1.5, 1 என்று இறக்கிக்கொண்டே வந்தார். 0.75-ல் திரையில் ஒரு துடிப்பு விழவில்லை. பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்தார். அதற்குள் ரெப் பழையபடி ஏற்றிவிட்டார். எத்தனை வோல்ட்டுக்கு இதயம் மசிகிறது என்று தெரிந்தால்தான் அதற்குமேல் பாதுகாப்பாக அளவு வைக்கலாம், பேட்டரியும் வீணாகாது.

மகன் கேட்டான்: "வாப்பா லாஞ்சு இன்ஜின்கிட்ட போகலாமா?" ஓடுகிற இன்ஜினின் ஆல்டர்னேட்டருக்கும் நெஞ்சுக்கும் ஒரு அடி இடைவெளி இருக்கட்டும், வெல்டிங் நடக்கிற பக்கம் போகவே வேண்டாம் என்று ரெப் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு இதை யாருமே சொல்லவில்லையாம்.

இந்த அரை மணி நேரத்துக்கு அவருக்கு இன்சென்டிவ் கிடையாது. டார்கெட் எல்லாம் புதுசாக வைக்கிற பேஸ்மேக்கர் கணக்கில்தான். அவர் இங்கே இருக்கும்போது மதுரையில் பேஸ்மேக்கர் வைக்கிற கேத்லேப்பில் ஒரு கேஸ் வந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் பெட்டியோடு நிற்பான். ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டாலும் அரை மணியில் போய் நிற்பார்கள். மண்டபம் ஊரிலிருந்து ஒரு நோயாளி கூப்பிட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம் சார்". குணக்கேடு என்று சொல்ல மாட்டேன், சம்பளக் கணக்கு அப்படி.

கம்பெனிக்கு இதில் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகிற ஒயரை, அதாவது லீடை, மாட்டுகிற இணைப்பு எல்லாக் கம்பெனிக்கும் ஒரே சர்வதேச அளவில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால் பேட்டரி தீரும்போது பழைய லீடிலேயே வேறு கம்பெனி பேஸ்மேக்கரை மாட்டலாம். எப்போது தீரும் என்று முதலில் தெரிவது செக்கப் பண்ண வந்த ரெப்புக்குத்தான். ஒழுங்காக வந்துபோனவருக்கே அடுத்த வியாபாரம். ஆனால் அந்த வியாபாரம் வர எட்டு வருஷம் ஆகும். அதற்குள் நம்ம ரெப் மூணு கம்பெனி மாறியிருப்பார், பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த கார்டில் எழுதியிருந்த செல் நம்பரும் போயிருக்கும்.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள். விலை மட்டுமல்ல: "ராமநாதபுரத்துக்கு யார் வருவாங்க, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?" கார்டில் ரெப்பின் நம்பரோடு கம்பெனி சர்வீஸ் நம்பரையும் எழுதி வாங்குங்கள். கார்டைப் போட்டோ எடுத்து வீட்டில் நாலு பேர் போனில் வையுங்கள். நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்கணும் என்றாலோ வேறு ஆபரேஷன் என்றாலோ முதலில் கேட்பது அந்த மாடல் பேரைத்தான்.

இன்னொன்று, இது ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு. நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் குறித்து, எல்லாக் கம்பெனியும் புரோகிராமரோடு வரணும் என்று சொல்லலாம். முதல் முகாமை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் நல்லது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், அப்பாவைக் கூட்டிவர மகன்கள் வீட்டில் இருப்பார்கள்.

போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள் என்றார் ஒரு மேனேஜர். மதுரையில் கேத்லேப் வாசலில் போய்ப் பாருங்கள் சார், நாலு கம்பெனியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு டீயை நாலாகப் பிரித்துக் குடித்துக்கொண்டிருக்கும்.