கோட்டுக்கு வெளியேயும் நிலம் இருக்கிறது

சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்குப் பாதை போடும் முன்பே நிலஅமைப்பை முழுசாக ஆய்வு செய்திருந்தால் சிக்கலே வந்திருக்காது என்கிறது ஒரு கட்டுரை. பாதி சரி. இந்த 277 கிலோமீட்டர் திட்டத்தில் மக்கள் கோபம் இழப்பீட்டோடு நிற்கவில்லையே.

திருவண்ணாமலைப் பக்கம் ஏரிகள் தனித்தனி இல்லை. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் எனும் வழிந்தோடி வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் ஆளுயர மண்மேடு போட்டுச் சாலை அமைத்தால் ஒருபக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் ஏரி காயும். நிலம் எடுக்கும்போது கிணறு, தென்னை எல்லாம் எண்ணுவார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் எந்தக் கணக்கில் வரும்? கோடையில் போய்ப் பார்த்தால் அது வெறும் முள்காடாகத்தான் தெரியும். ஐப்பசியில் போகணும் சார்!

மனசிருந்தால் முடியும். நாக்பூர்-சிவனி சாலையில் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டுக்குள் விலங்குகளுக்காகப் பாலங்கள் கட்டினார்கள், ஒன்று 750 மீட்டர் நீளம். அதன் கீழே புலி நடப்பது கேமராவில் பதிவானது. அதுவும் வழக்கு, இழுபறிக்கு அப்புறம்தான்.

எட்டு வழிச்சாலை வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. பாதை முடிவான பிறகு நடக்கும் ஆய்வு எதை மாற்றப்போகிறது?