மெக்கின்லி தாம்சனின் இன்னொரு கார்

மெக்கின்லி தாம்சன் ஜூனியரைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு செய்திகளோடு முடித்துவிடுகிறார்கள். ஃபோர்டு நிறுவனம் வேலைக்கு எடுத்த முதல் கறுப்பின வடிவமைப்பாளர் என்பது ஒன்று. கரடுமுரடான பாதைகளில் ஓடும் ஃபோர்டின் பிரான்கோ வண்டிக்கு ஆரம்பகால ஓவியங்கள் வரைந்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் பத்தாண்டுக்கும் மேலாக அவர் நெஞ்சில் சுமந்து அலைந்த வேலை வேறு. அதன் பெயர் வாரியர். அந்தக் காரை விட்டுவிட்டுத் தாம்சனைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

1922-ல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். 1934-ல், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, தெருவில் வெள்ளி நிற டிசோட்டோ ஏர்ஃப்ளோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, வெயில் அந்தக் காரின் மேல் விழுந்ததாம். கார் வடிவமைப்பவனாக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டதாக வயதான காலத்தில் சொன்னார். காற்றோட்டத்தை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட அந்த ஏர்ஃப்ளோ சந்தையில் படுதோல்வி அடைந்த கார். அவர் மனத்தைக் கவர்ந்த முதல் காரே, ஊர் வாங்க மறுத்த கார்தான்.

அந்த ஆசைக்கும் முதல் வேலைக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. வரைகலை படித்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பணியாற்றினார். முப்பது வயதைத் தொட்ட பிறகு மோட்டார் டிரெண்ட் இதழ் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்றார். டர்பைன் எஞ்சினும் வலுவூட்டிய பிளாஸ்டிக் உடலும் கொண்ட ஒரு காரை வரைந்து அனுப்பியிருந்தார். அந்தப் பிளாஸ்டிக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை அது அவரை விடவில்லை. பரிசாகக் கிடைத்த உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்ட் சென்டரில் படித்தார். 1956-ல் ஃபோர்டில் சேர்ந்தார். அமெரிக்கத் தெற்கிலுள்ள மாண்ட்கோமரியில், பஸ்ஸில் காட்டப்பட்ட இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து, மைல்கணக்கில் நடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது.

ஃபோர்டில் அவர் பல வண்டிகளுக்கு வரைந்தார். 1963 ஜூலையில் அவர் வரைந்த பிரான்கோ ஓவியம் இன்றும் கிடைக்கிறது. திறந்த மேற்பகுதி, பெட்டி போன்ற உடல், நேர்க்கோடுகள். 1966 மாடலாக வெளிவந்த வண்டியில் தட்டையான கண்ணாடியும் எளிய தகடுகளும் இருந்தன. வண்டி பலர் கைபட்டு உருவானது. முழுப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் செலவில்லாத எளிமையை அழகாக்கத் தெரிந்த கை அவருடையது என்பதற்கு அந்த ஓவியமே போதும்.

இனி வாரியர். 1960-ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை அடைந்தன. புதிய நாடுகளுக்குச் சாலை குறைவு, எஃகு ஆலை இல்லை, மக்கள் கையில் பணமும் இல்லை. அங்கே எப்படிப்பட்ட கார் வேண்டும் என்று தாம்சன் யோசித்தார். அதைவிட முக்கியமாக, அதை அங்கேயே, அந்த மக்களே எப்படிச் செய்துகொள்ள முடியும் என்று யோசித்தார். யூனிராயல் நிறுவனத்தின் ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் நுரை, இருபுறமும் உறுதியான பிளாஸ்டிக். பிற்காலத்தில் படகோட்டிகள் மிகவும் விரும்பியது இந்தப் பொருளைத்தான். ராயலெக்ஸ் படகு பாறையில் மோதி மடிந்தாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். துருப்பிடிக்காது.

இளம் வயதில் டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, செய்யும் பட்டறை ஒன்றில் சில ஆண்டுகள் வரைவாளராக இருந்தேன். அதனால்தான் இந்த இடம் என்னை இவ்வளவு தொடுகிறது. எஃகுத் தகட்டில் ஒரு கதவை அழுத்தி எடுக்க வேண்டுமானால் கனத்த டை வேண்டும், ராட்சத பிரஸ் வேண்டும். வளைவு ஒவ்வொன்றையும் அரைத்து, தேய்த்து, மறுபடி அழுத்திப் பார்த்து, மாதக்கணக்கில் உழைப்பு போகும். அந்தச் செலவை ஈடுகட்ட லட்சக்கணக்கில் வண்டி விற்றாக வேண்டும். பணக்கார நாடு மட்டுமே கார் செய்ய முடியும் என்ற நிலைக்குப் பெரிய காரணம் இந்த டைதான். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துப் படியவைக்கும் முறையில் அந்தச் சுமை பெருமளவு இறங்கிவிடும். சிறிய ஆலை போதும், சில ஆயிரம் வண்டிகளே போதும். தாம்சன் கைவைத்தது சரியாக அந்த முடிச்சில்தான். காரோடு நிற்கவில்லை, அதே பொருளில் படகும் செய்யலாம், அதைச் சுற்றிப் பல தொழில்கள் வளரும் என்று ஒரு முழுத் திட்டமே வைத்திருந்தார்.

ஃபோர்டு முதலில் ஆர்வம் காட்டியது. 1967-ல் கைவிட்டது. போதிய அளவில் விற்காது என்பது காரணம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களை விற்று, சாதாரண மனிதனுக்குக் கார் கொடுத்த நிறுவனம் என்று பெயர் வாங்கியவர்கள் சொன்ன பதில் இது. எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏனென்றால் மறுவருடமே, 1968-ல், பிரான்சின் சிட்ரோன் நிறுவனம் மெஹாரி என்ற காரை வெளியிட்டது. பிளாஸ்டிக் உடல், எளிய அமைப்பு, கரடுமுரடான பாதைக்கு ஏற்ற இலகுவான வண்டி. இருபது ஆண்டுகளில் 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள். வாரியரும் அப்படியே வென்றிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சிட்ரோனிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும் அடித்தளமும் விற்பனைக் கடைகளும் இருந்தன. ஆனால் பிளாஸ்டிக் உடல் காருக்கு உலகில் ஆள் இல்லை என்பது பொய்யாகிவிட்டதே.

தாம்சன் விடவில்லை. டெட்ராய்ட்டில் சிறிய கராஜ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் ஒரு வாரியரைச் செய்தே முடித்தார். ஓடுகிற வண்டி. அதைக் காட்டிக் கடன் கேட்டார், முதலீடு கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கு இல்லாவிட்டால் டெட்ராய்ட்டின் நலிந்த பகுதிகளிலாவது இப்படியொரு ஆலை வரட்டுமே என்றும் முயன்றார். 1979-ல் திட்டத்தை மூடிவைத்தார். 1984-ல் ஃபோர்டிலிருந்து ஓய்வு பெற்றார், 2006-ல் காலமானார்.

முதல் கறுப்பின வடிவமைப்பாளர் என்று சொல்லும்போது, உள்ளே அனுமதித்தவர்களுக்கும் பாதிப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உள்ளே வந்தபின் அந்த மனிதர் என்ன சொன்னார், அதை யார் கேட்டார்கள் என்ற கேள்விக்கு யாரும் வருவதில்லை. கதவைத் திறந்தார்கள், அவருடைய மிகச் சிறந்த யோசனைக்கு மட்டும் அதைச் சாத்திவிட்டார்கள்.

அவர் செய்த வாரியர் இப்போது டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மிச்சிகன் பக்கம் வசிக்கும் நண்பர்கள் யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். கதவின் விளிம்பை எப்படி மடித்திருக்கிறார், இணைப்புகள் எங்கே வருகின்றன, வளைவுகளில் பிளாஸ்டிக் மெலிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய ஆசை.