கார் சார்ஜர் ஃப்ரிட்ஜை எரிக்குமா?

"மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் போட்டால் வயரிங்கில் ‘நாய்ஸ்’ பரவி ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் எரிந்துபோகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

நாய்ஸ், அதாவது வயரில் கலக்கும் வேண்டாத மின் அதிர்வு, வருவது உண்மைதான். காருக்குள் இருக்கும் சார்ஜர் 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் டிசியாக மாற்றுகிறது. அதன் மிச்சம் கொஞ்சம் வயருக்குத் திரும்பும். அடக்குவதற்கு உள்ளேயே ஃபில்டர் உண்டு; வரம்பு வைக்க ஐஇசி 61851-21-1 என்ற சர்வதேசத் தரநிலையும் உண்டு. சார்ஜ் ஏறும்போது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் மீடியம் வேவ் வைத்து சுவிட்ச்போர்டு பக்கம் கொண்டுபோங்கள், ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்கலாம். அவ்வளவுதான். லேப்டாப் அடாப்டரும் எல்இடி பல்பும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

லைட் மங்குகிறதே என்பார்கள். அது நாய்ஸ் இல்லை, மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்குவது.

எனக்குப் பயமெல்லாம் சாக்கெட்டைப் பற்றித்தான். 3.3 கிலோவாட் சார்ஜர் சுமார் 14 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். பிளக் லூசாக இருந்தால் துளையோரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அப்படித் தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, சரியான எர்த்தும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள்.