இரண்டு மடங்கு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

“தென்னாப்பிரிக்காவில் கரண்ட் எல்லாம் நிலக்கரிதான், அதனால் மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட இரண்டு மடங்கு அழுக்கு” என்று மேலே எழுதிய அண்ணாவுக்கு. முதல் பாதி பெருமளவு உண்மை. நம் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது பாதி மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

இங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ கரியமில வாயு. சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு, சார்ஜ் இழப்பையும் சேர்த்து, 17 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 17 கிலோ. அதே தூரத்துக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம், 16 கிலோ. எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும்போது எழும் புகையையும் சேர்த்தால் 19-ஐத் தொடும். கிட்டத்தட்ட சமம், அவ்வளவுதான். பேட்டரி தயாரிப்பில் எழும் புகையையும் கூட்டினால் மின்சாரக் கார் சற்றுப் பின்தங்கும். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் பெட்ரோல் என்றால் நிலக்கரிக்குச் சம்பந்தமே இல்லை என்று நினைப்பதுதான் வேடிக்கை. இங்கே செகுண்டா என்ற ஊரில் சாசோல் நிறுவனத்தின் ஆலை நிலக்கரியிலிருந்தே பெட்ரோலும் டீசலும் தயாரிக்கிறது. அந்தப் பெட்ரோலைத் தயாரிக்கும்போது எழும் புகை என் 16 கிலோவுக்குள் அடங்காது.

இன்னொன்று: 2023-இன் மின்வெட்டுக்குப் பயந்து டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கூரையில் சோலார் போட்டவர்கள் பகலில் காரைச் செருகினால் அந்த 17 கிலோ எங்கே போகும்? அந்தக் கணக்கு வேறு, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.